செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கை அவர்களுக்கும் அனுப்பிவைக்கப்படும், வாசிப்பது அவரவர் விருப்பம்.

பொங்கல் விழா வழமைபோல் நடந்தது. கோடைகால ஒன்றுகூடல் மழையோடு நடந்தது. காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். வாணி விழாவில் பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் நன்றாக இருந்தன. ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

இனி ஊன்ட்ரோப் வரலாற்று நடை, அதாவது ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் காமாட்சி அம்பாள் கோவில் இருக்கும் ஊன்ட்ரோப் பகுதியின் பழைய இடங்களை நடந்து பார்த்தது. சென்ற பொதுக்கூட்டத்தில் இது ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். அதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூட்டம் முடிந்த பிறகு, "ஜெர்மன்காரரின் ஊர்க்கதை எங்களுக்கு எதற்கு, இது செயலாளரின் சொந்த ஆசை" என்று வெளியே நின்று கதைத்தவர்களும் உள்ளே கை தூக்கியவர்கள்தான்.

எதற்கு என்று சொல்கிறேன். ஏ2 நெடுஞ்சாலையால் இறங்கி, கைத்தொழில் பேட்டைக்குள் திரும்பி, கோவிலின் 17 மீற்றர் கோபுரம் கண்ணில் பட்டதும் கார் நிறுத்த இடம் தேடுகிறோம். எங்களுக்குத் தெரிந்த ஊன்ட்ரோப் அவ்வளவுதான். 2002 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்த நாளிலிருந்து இப்படித்தான் வந்து போகிறோம். கைத்தொழில் பேட்டைக்கும் கோவிலுக்கும் அப்பால், லிப்பெ ஆற்றின் தென்கரையில், ஒரு பழைய விவசாய ஊர் இருக்கிறது. ஆற்றோர மேய்ச்சல் நிலம், தானிய வயல், மரச்சட்டங்களுக்கு நடுவே சுவர் நிரப்பிக் கட்டிய வீடுகள். பழைய வெஸ்ட்பாலிய முறையில் ஆட்களும் மாடுகளும் ஒரே பெரிய கூரையின் கீழ்தான் இருந்தார்கள். நடுவிலிருந்த அகலமான கூடத்துக்குள் வைக்கோல் வண்டி நேரே போய்விடும். ஷ்மேஹவுசன், ஹாரன், நோர்ட்டிங்கர் என்று பக்கத்துச் சிற்றூர்களும் அதே மாதிரிதான். நிலப்பிரபுவின் அகழி சூழ்ந்த மாளிகை, ஹவுஸ் ஊன்ட்ரோப், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நடையில் அதை வெளியே நின்று பார்த்தோம்.

ஊன்ட்ரோப் 1974 இறுதிவரை தனி ஊராட்சி. 1975 ஜனவரி 1 அன்று ஹம் நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஊர் மாறத் தொடங்கியிருந்தது. 1914இல் ஹம் வரை வந்த டாட்டெல்ன்–ஹம் கால்வாயை 1933இல் ஷ்மேஹவுசன் வரை நீட்டினார்கள். நாங்கள் அம்பாளுக்குத் தீர்த்தமாடுவது அந்தக் கால்வாயில்தான். நகரக் குடியிருப்புகளுக்கு நடுவே திருவிழாக் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனபோது, கோவிலுக்கு இந்த இடம் பொருந்தியதற்குக் கால்வாய் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம்.

கால்வாய்க்கரையில் அனல்மின் நிலையம், அதன் அருகே தோரியம் அணு உலை. 300 மெகாவாட். வேலை தொடங்கியது 1971இல். அதன் குளிரூட்டும் கோபுரம் சுமார் 180 மீற்றர். எங்கள் கோபுரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். 1986 மே மாதம், சேர்னோபில் விபத்து நடந்து சில நாட்களில், இந்த உலையிலும் எரிபொருள் உருண்டை ஒன்று குழாயில் சிக்கிக் கதிர்வீச்சுத் தூசி வெளியேறியது. நிர்வாகம் முதலில் வாய் திறக்கவில்லை. விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வாசலை மறித்தார்கள். 1989இல் உலை நிரந்தரமாக மூடப்பட்டது, 1991 செப்டம்பர் 10 அன்று கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எங்கள் மூத்தவர்கள் அகதி விண்ணப்பத்தோடு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டதும் அதே 80களில்தான். பால் குடிக்கலாமா, கீரை சாப்பிடலாமா என்று ஊரே தவித்த அந்த நாட்களைப் பற்றி அவர்களில் யாராவது எழுதித் தாருங்கள் என்று இரண்டு சுற்றறிக்கை அனுப்பினேன். ஒரு வரி வரவில்லை.

நடை மாக்சிமிலியன் பூங்காவில் முடிந்தது. நிலத்தடி நீர் புகுந்ததால் 1914இல் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம் அது. 1984இல் தோட்டக் கண்காட்சிக்காகப் பழைய கரி கழுவும் கட்டடத்தைக் கண்ணாடி யானையாக மாற்றினார்கள். யானையைப் பிள்ளையார் என்று நினைத்த சிறுவன் ஒருவனுக்குத்தான் அன்றைய நடையில் முழுத் திருப்தி.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. ஒருவருக்குச் சாமத்திய வீடு, ஒருவருக்குப் பிள்ளையின் கால்பந்துப் போட்டி, சரி, விளங்குகிறது. மற்றவர்கள் வரமாட்டோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சொல் போட்டிருக்கலாம். உள்ளூர் விவசாயி ஒருவர், எண்பது தாண்டியவர், எங்களுக்காகத் தொழுவத்தைத் திறந்துவைத்து, கதிரைகள் அடுக்கி, கேக்கும் வாங்கி வைத்திருந்தார். வெறுங்கதிரைகளை அவர் பார்த்த பார்வை எனக்குத்தான் கிடைத்தது, பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர்களுக்கல்ல. மிஞ்சிய கேக்கைப் பொதி கட்டியும் தந்தார்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் மண்டப வாடகை கூடியது, சந்தா குறைந்தது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் கீழே. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தலைவர், உபதலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், சமையலில் நின்ற அன்னையர், மேசை கதிரை தூக்கிய இளையோர் அனைவருக்கும் நன்றி. தொழுவம் திறந்த அந்த ஐயாவுக்குச் சங்கத்தின் பெயரால் நன்றிக் கடிதம் அனுப்பியாயிற்று. தபால் முத்திரை என் செலவு.

அப்புறம் அடுத்த ஆண்டு. 1226இல் அமைந்த ஹம் நகருக்கு 2026இல் 800 வயது. அதற்குள் ஊன்ட்ரோப் பற்றித் தமிழிலும் டொய்ச்சிலும் (ஜெர்மன் மொழியிலும்) ஒரு சிறு கைநூல் வெளியிட வேண்டும் என்பது என் எண்ணம். எழுத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. திருத்திப் பார்க்க டொய்ச் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் இருவர் வேண்டும். வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அச்சுச் செலவுக்குச் சங்கத்தில் பணம் போதாது. பாக்கிச் சந்தா முழுவதும் வந்தாலே போதும், நன்கொடை கேட்கத் தேவையில்லை. எனக்கு இந்தப் பதவியில் இன்னொரு தவணை இருக்க ஆசையில்லை. யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே தரலாம். வராவிட்டால் கைநூல் முடியும்வரை இருப்பேன். சங்கத்தின் வங்கிக் கணக்கு இலக்கம் இந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது.