செயலாளரின் ஆண்டறிக்கை 2025: உலக நெருக்கடிகளும் திருகோணமலை வணிகரும்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது வர்த்தகர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் கூறுவார். வெளியிலிருந்து வரும் அதிர்ச்சிகளைச் சிறு கடைகள் எவ்வாறு தாங்குவது என்பதே இவ்வாண்டுக் கூட்டங்கள் பெரும்பாலானவற்றின் பேச்சாக இருந்தமையால், அதனையே இங்கு விரித்துரைக்கிறேன்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. விற்ற காசைக் கொண்டு அதே அளவு சரக்கை மீண்டும் எடுக்க முடியவில்லை என்பதைக் கொள்முதல் விலையை எழுதிவைத்தவர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். மனக்கணக்கில் வியாபாரம் செய்தவர்களோ முதல் கரைந்த பின்னரே அறிந்தார்கள்.

2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்தபோது, அது ஏற்றுமதியாளரின் கவலை என்றே அங்கத்தவர் சிலர் கருதினர். நமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் அமெரிக்காவுக்கே செல்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் சம்பளம் இங்குள்ள பலசரக்குக் கடைகளிலும் புடவைக் கடைகளிலும்தான் செலவாகிறது என்பதை நிர்வாகசபை எடுத்துக்கூறியது. ஓகஸ்டில் தீர்வை 20 சதவீதமாக நின்றது ஆறுதலே. ஆயினும் மாதச் சம்பளத்தை நம்பிக் கொடுக்கும் கடனுக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற எமது ஆலோசனையில் மாற்றமில்லை.

நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மற்றொரு பலவீனத்தைக் காட்டியது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கொழும்பின் புறக்கோட்டை, தம்புள்ளை ஆகிய மொத்தச் சந்தைகளை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்குச் சரக்கு வருவது தடைப்பட்டது. ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுடனும் கொள்முதல் தொடர்பு வைத்திருப்பது, சற்றுக் கூடுதல் ஏற்றுகூலியானாலும், வீண் செலவல்ல என்பது எனது கருத்து. தீக் காப்புறுதி எடுத்துவிட்டால் வெள்ளத்துக்கும் இழப்பீடு கிடைத்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். வெள்ளத்தைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளாத பத்திரங்கள் அநேகம் உண்டு. சேர்த்திருந்தாலும், நனைந்து அழிந்த சரக்கு எவ்வளவு என்பதற்குக் கையிருப்புப் பதிவும் கொள்முதல் பற்றுச்சீட்டும் கேட்கப்படும். அவற்றைக் கிட்டங்கியிலேயே வைத்திருந்தால் அவையும் சரக்கோடு போய்விடும்; கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

கணக்கு எழுதினால் வரி வந்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ளது. ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாய் என்றிருந்த, இவ்வரிக்குப் பதிவு செய்யவேண்டிய எல்லையை 3 கோடியே 60 இலட்சமாகக் குறைக்கும் முன்மொழிவும் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. எழுதாமல் விட்டால் தப்பலாம் என்ற காலம் போய்விட்டது. தான் எல்லைக்குக் கீழே நிற்பதை நிறுவுவதற்கும் கணக்கே தேவை. வங்கிக் கடனுக்கும் அவ்வாறே.

பொலித்தீன் பைகளை இலவசமாக வழங்குவதற்கான தடை 2025 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ளது. வாடிக்கையாளரின் முணுமுணுப்பைத் தவிர இதில் சிரமமில்லை. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்குச் சரக்குக் கொடுப்போர், சுற்றுலாப் பருவம் முடியுமுன் பாக்கியைத் தீர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் இளம் அங்கத்தவர்கள் மாதமொருமுறை மூத்த வணிகர்களுக்குக் கணக்கேடும் கையிருப்புப் பதிவும் எழுதப் பழக்குவதெனவும், வெள்ளக் காப்புறுதிக்குக் குழுவாக விலை கோருவதெனவும் நிர்வாகசபை தீர்மானித்துள்ளது. இவ்விரு தீர்மானங்களையும் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்