வயோமிங்கும் கும்பகோணமும்

அன்புள்ள டீச்சரம்மா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம். கடிதம் கையால்தானே எழுதுவது என்று நீ மடக்குவாய். உண்மை என்னவென்றால், 67 வயதில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகப் போன முறை எழுதினேன் அல்லவா? அதற்கு 100 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிகாரி அதிலிருந்து பத்து கேட்பார். ஆறு சரியாகச் சொன்னால் தேறிவிடலாம். எனக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகளாக்கிவிட்டார்கள். தப்பித்தேன். பேத்திதான் வாத்தியார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டாய்.

"உங்கள் மாநிலத்து செனட்டர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி. நான் பெயரை யோசித்துக்கொண்டிருக்க, "பாட்டி, நமக்குக் கிடையாது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அச்சிட்ட விடையிலேயே அப்படித்தான் இருக்கிறது: வாஷிங்டன் தலைநகரில் வசிப்பவர்கள் தங்களுக்கு செனட்டர் இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் மதிப்பெண் உண்டு!

இந்த நகரத்தில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் இருக்கிறோம். வயோமிங் மாநிலத்தில் ஆறு லட்சம்கூடக் கிடையாது. அவர்களுக்கு செனட் என்ற மேலவையில் இரண்டு பேர். நமது புதுச்சேரிக்குக்கூட மாநிலங்களவையில் ஓர் இடம் இருக்கிறது. இங்கே பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி வாங்குகிறார்கள் என்ற புலம்பலைக் கார் நம்பர் பலகையிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அரசே ஒட்டிக்கொடுக்கும் ஒப்பாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியையே பார்த்துவிட்டு வந்தேன். தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நான்கே நான்கு தோல் தாள்கள். மை மங்கிவிடக் கூடாது என்று வெளிச்சத்தையும் குறைத்துவிட்டதால், கோயில் கருவறை முன் நிற்பதுபோல் இருந்தது. "மக்களாகிய நாம்" என்ற தொடக்கம் மட்டும் எட்ட நின்றே படிக்கும்படி பெரிதாக இருந்தது. எந்த மக்கள் என்று கேட்கத்தான் வாய் வந்தது. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடியவர்கள் 55 பேர், கையெழுத்திட்டவர்கள் 39 பேர். அதில் ஒரு பெண் இல்லை, ஒரு கறுப்பர் இல்லை. அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் எஜமானர்களின் மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் எத்தனை என்று கணக்குப் போடும்போது மட்டும் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொண்டார்கள்.

நமது அரசியல் நிர்ணய சபையையும் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். மாகாணச் சட்டசபைகள் அனுப்பியவர்கள். அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட்டவர்களும் சொத்தோ படிப்போ உள்ளவர்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு கதவை அகலத் திறந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத உன் பாட்டி 1952ல் ஓட்டுப் போட்டாள். இங்கே தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு அந்த உரிமை நடைமுறையில் கிடைக்க 1965 வரை ஆயிற்று.

செனட்டுக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். அவர்களுக்கும் இரண்டு செனட்டர்கள், வயோமிங்குக்கும் இரண்டு. அதாவது வயோமிங்காரர் ஒருவருக்கு அந்த அவையில் கலிபோர்னியாக்காரர் 68 பேரின் பலம். நீதிபதிகளை அமர்த்துவதற்கும் ஒப்பந்தங்களுக்கும் ஒப்புதல் தருவது அந்த அவைதான். இது ஏதோ பெரிய தத்துவத்தில் பிறந்த ஏற்பாடு என்றா நினைக்கிறாய்? டெலவர் போன்ற சின்ன மாநிலங்கள் சம இடம் வேண்டும் என்று முரண்டு பிடித்தன. சாசனத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான மேடிசன் கடைசி வரை எதிர்த்துப் பார்த்தார். ஜூலை 16 அன்று ஐந்து மாநிலங்கள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு என்று அந்த ஏற்பாடு தப்பிப் பிழைத்தது. மாசசூசெட்ஸ் உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். அன்றைக்குப் பெரிய மாநிலமான வர்ஜீனியாவுக்கும் டெலவருக்கும் சுமார் 12 மடங்குதான் வித்தியாசம். அதை இனி மாற்றலாமா என்றால், எந்த மாநிலத்தின் சம இடத்தையும் அதன் சம்மதம் இல்லாமல் பறிக்க முடியாது என்று சாசனத்திலேயே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி வயோமிங்கிடம்! குறைந்த ஓட்டு வாங்கியவர் 2000லும் 2016லும் ஜனாதிபதியான கதை உனக்கே தெரியும். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் செனட் இடங்களைச் சேர்த்தே எண்ணுவதால், அதுவும் இதே வேரில் முளைத்த கிளைதான்.

இப்படியெல்லாம் பேத்தியிடம் நீட்டி முழக்கிவிட்டு, இரவில் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மக்கள்தொகைக்கு ஏற்ப எம்.பி. இடங்களைப் பங்கிடும் தொகுதி மறுவரையறை பற்றி இரண்டு பக்கம் பொரிந்திருக்கிறாய். "நாம் இருவர், நமக்கு இருவர் என்று சுவரில் எழுதியதைப் படித்து அப்படியே நடந்தோமே, அதற்குத் தண்டனையா?" என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் நீ கேட்பதும் அந்த டெலவர்காரர்கள் கேட்டதும் ஒரே ஜாதி. 1976ல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி இடங்களை உறையவைத்தது. பிறகு 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அதன் விளைவைப் பார். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஓர் எம்.பி.க்குப் பதினெட்டரை லட்சம் பேர், உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம். லக்னோவில் ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் இருப்பாள் அல்லவா, அவள் ஓட்டு உன் ஓட்டில் முக்கால்வாசிதான். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற அம்பேத்கர் பேச்சை ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் மனப்பாடமாகச் சொல்வாயே, அவளிடம் என்ன சொல்வாய்?

கோபப்படாதே, நானும் உன் பக்கம்தான். தமிழ்நாட்டுக்கு 1962ல் 41 இடம், 1967ல் 39. மறுபடியும் நம் பங்கு சுருங்கினால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் நாம் கேட்பது ஜனநாயகத்துக்கு ஒரு விதிவிலக்கு என்று ஒப்புக்கொண்டு கேட்பதுதான் நேர்மை. மாநிலங்களுக்குச் சேர்ந்து வாழும் நம்பிக்கை வேண்டுமே, அதற்காகக் கேட்கிறோம். என்னைக் கேட்டால் மக்களவையில் தலையை எண்ணட்டும். மாநிலங்களவையில் சின்னவர்களுக்குக் கூடுதல் கனம் கொடுக்கட்டும். ஆனால் இன்றைக்கு அங்கே பண மசோதாவைப் பதினாலு நாள் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பண விஷயத்தில் அதிகாரம் இல்லாத அவையில் தமிழ்நாடு மாதிரி 18 இடம் இருந்தாலும் உத்தரப் பிரதேசம் மாதிரி 31 இடம் இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே முதலில் அந்த அவைக்குப் பல் முளைக்க வேண்டும். அதே சமயம் எந்தச் சலுகைக்கும் ஒரு காலாவதித் தேதி இருக்கட்டும். வயோமிங்கைப் பார்த்த பிறகு அதில் நான் பிடிவாதமாகிவிட்டேன். இதில் ஓட்டை இருந்தால் அடித்துத் திருத்தி அனுப்பு, சிவப்பு மையில்.

நேர்காணல் அடுத்த மாதம். தேறிவிட்டால் கும்பகோணத்து ஓட்டு போய்விடும். 1980ல் நாம் இருவரும் முதல்முதலாக விரலில் மை வைத்துக்கொண்டு வந்து, அது அழியக் கூடாது என்று இடது கையால் சோற்றைத் தொடாமல் இருந்தோமே, எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சாப்பிடுவது வலது கையால்தானே!

மாப்பிள்ளையின் அண்ணன் ஜனவரியில் இந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் நரசூஸ் காபித்தூள் அரைக் கிலோ கொடுத்து அனுப்பு. அப்பளம் வேண்டாம், போன முறை வந்ததெல்லாம் தூள்.

உன்
விடுதி அறைத்தோழி