மழை விடுமுறை வகுப்புகள்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழையில் கடலூர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிடுகிறது. 45 நிமிடப் பாடத்தை அப்படியே கேமரா முன் ஒப்பிப்பது வீண். 10 நிமிட விளக்கம், பிறகு நோட்டில் ஒரு கணக்கு, அதன் படம் வாட்ஸ்அப்பில்; அது போதும்.

கரும்பலகையைக் காட்டினால் செல்போன் திரையில் எழுத்து தெரியாது, வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். இரண்டு புத்தக அடுக்குகளுக்குக் குறுக்கே இரண்டு ஸ்கேல்களை வைத்து, ஓர் அடி உயரத்தில் செல்போனை அதன் பின்பக்கக் கேமரா கீழே பார்க்கும்படி படுக்கவைத்து, கீழே வெள்ளைத்தாளில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாம்.

கேள்வி கேட்டால் 10 வினாடியாவது காத்திருக்க வேண்டும். மாணவர் மைக்கைத் திறந்து பேசி, குரல் வந்து சேர வேண்டுமே! அதற்குள் ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுகிறார். சிக்னல் திணறினால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள், குரலாவது தப்பிக்கும்.

– ஓர் ஆசிரியர், கடலூர் முதுநகர்