பந்தை விடுகிற கையைப் பார்

அன்பு மகளுக்கு,

உங்கள் தோக்கியோ ஃபுட்டி (அவுஸ்திரேலியக் காற்பந்து) கிளப்பில் சேர்ந்த அந்த றக்பிக்காரப் பெடியன் இன்னும் பந்தை நேராக உதைக்கிறான் இல்லை என்று எழுதியிருந்தாய். நீ அவன் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய் போல. கையைப் பார்.

வலது காலால் உதைப்பவன் பந்தை வலது தொடைக்கு நேரே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மேல் முனை கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்திருக்கட்டும். முதலில் இடது கை விலகும். வலது கை பந்தை இடுப்பு மட்டம் வரை கொண்டுபோய் விடும். நெஞ்சு உயரத்தில் விட்டால் கீழே வருவதற்குள் பந்து சரிந்து, பாதத்தின் ஓரத்தில் பட்டு எங்கேயோ பறக்கும். சரியாக விட்டால், விறைப்பாக நீட்டிய பாதம் கீழ் முனையில் பட்டு, பந்து பின்பக்கமாகக் குத்துக்கரணம் அடித்துக்கொண்டு போகும். அதுதான் ட்ரொப் பன்ட். றக்பியில் திருகி உதைக்கிறானே, அதற்கு ஃபுட்டியில் டோர்பிடோ என்று பெயர். தூரம் போகும், ஆனால் பிடிக்கிறவன் பாடு திண்டாட்டம். முதல் மாதம் அந்தப் பக்கமே விடாதே.

தினமும் ஐம்பது தரம், உதைக்காமல் பந்தைப் புல்லில் விடச் சொல். முனையில் பட்டு அவனிடமே எழும்பி வந்தால் கை சரி. பக்கத்துக்கு ஓடினால் பிழை.

ஹாண்ட்போலில், அதாவது பந்தைக் கையால் குத்திக் கொடுப்பதில், அவன் கை தானாகவே எறியப் பார்க்கும். ஒரு உள்ளங்கையில் பந்து அசையாமல் இருக்க, மற்றக் கை முஷ்டியால் குத்த வேண்டும். குத்துமுன் பந்தைத் தூக்கிப் போட்டால் அது எறிதல். எதிரணிக்கு ஃப்ரீ கிக் போய்விடும்.

டக்கிளில், பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்துவதில், பலம் போதும், பழக்கம்தான் வில்லங்கம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே மட்டும் பிடிக்கலாம். பின்னாலிருந்து பிடித்தால் முதுகில் விழாமல் பக்கமாகத் திருப்பி விழுத்த வேண்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டம், ஓஃப்சைட் இல்லாதது. றக்பியில் எதிரி முன்னால் நிற்பான். இதில் முதுகுப் பக்கமிருந்தும் வருவான். பந்து கிடைத்ததும் தலையைக் குனிந்து முட்டி நுழைவதுதான் அவன் உடம்புக்குத் தெரியும். அப்படி மாட்டினால் 'ஹோல்டிங் த போல்', பந்தை விடாமல் வைத்திருந்த பிழை. எடுக்குமுன்னே இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருதரம் பார்க்கப் பழக்கு. ஓடும்போது 15 மீற்றருக்கு ஒருதரம் பந்தை நிலத்தில் குத்தி எடுப்பதையும் மறந்துவிடுவான், நீ கத்து.

உயரப் பந்து பிடிப்பதில் குறை சொல்ல மாட்டாய். 15 மீற்றர் தாண்டி வந்த உதையை நிலத்தில் விழாமல் பிடித்தால் மார்க், ஆறுதலாக உதைக்கலாம். அவனோ பிடித்த வேகத்தில் ஓடத் தொடங்குவான். நிறுத்து.

றக்பி மைதானம் 100 மீற்றர். ஃபுட்டி ஓவல் மைதானத்தின் நீளம் 135 இலிருந்து 185 வரை. ஆளுக்கு ஆள் இடைவெளி பெரிது. 2002 இல் மெல்பேணில் நடந்த முதல் ஃபுட்டி சர்வதேசக் கிண்ணத்துக்கே ஜப்பான் அணி வந்து ஆடியது. அவனுக்கும் அந்த ஆசை இருந்தால் இப்போதே நீள ஓட்டம் தொடங்கட்டும்.

பந்தில் காற்று 62 இலிருந்து 76 கிலோபாஸ்கல் வரை இருக்கலாம், 69 வை. கல்லாக இறுக்கினால் கையிலும் நிற்காது, காலிலும் நிற்காது. பம்பும் ஊசியும் பார்சலில் வருகிறது. ஊசியை நனைத்துவிட்டுக் குத்து, காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

அன்புடன்,
அப்பா