கயலுக்கு ஒரு வரிசை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஊருக்கு வந்ததிலிருந்து அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போன வாரம் பேசும்போது, "ஞாயிற்றுக்கிழமை என்னப்பா பண்ணுனீங்க?" என்று கேட்டாய். சிக்னல் இல்லாமல் பாதியில் அறுந்துவிட்டது. போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்த உன் தம்பியும் மருமகளும் பிள்ளைகளும் அன்றைக்கு இங்கேதான் இருந்தார்கள். சனி இரவு நல்ல மழை. விடிந்து பார்த்தால் வாசல் மணல் இறுகிக் கிடந்தது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்த நெல் தெற்கு வயலில் ஊசி ஊசியாகத் தலைகாட்டியிருந்தது. வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் நமக்கு. கண்மாய்க்கும் இதுதான், மிளகாய்க்கும் இதுதான். நீ அனுப்பிய படத்தில் உங்கள் ஊர் மரமெல்லாம் சிவந்து இலை கொட்டிக் கிடந்தது. இங்கே இந்த மாதம்தான் தரையே பச்சை பிடிக்கிறது.

அந்த ஈரத்தைப் பார்த்ததும் அம்மா, "இன்னைக்குப் பாத்தி போட்டிருவோமா?" என்றாள். பனங்கிழங்குப் பாத்தி. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டையெல்லாம் கிழக்கு வேலியோரம் குவிந்து கிடந்தது. இப்போது மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. பதநீர் இறக்கி வருஷம் பல ஆகிவிட்டது. ஆனால் பழம் விழுவதற்கு யாரும் ஏற வேண்டியதில்லையே. பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு ஓலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினார்கள். சின்னவள் ஒரு கொட்டையின் நாரை விரலால் சீவி, "தாத்தா, இதுக்கும் உங்கள மாதிரி தாடி" என்று என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

தம்பி மண்வெட்டியால் மணலைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினான். அதில் கொட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற மாதிரி நெருக்கி அடுக்க வேண்டும். அதன் மேல் மணல், மறுபடி ஒரு அடுக்கு, மறுபடி மணல். உன் அப்பத்தா அடுக்கினால் ஒரு கொட்டைகூட அசையாது. எனக்கு அந்தக் கை வரவில்லை. அம்மாதான் எனக்குப் பின்னாலேயே வந்து சரிசெய்தாள்.

குவியலின் அடியில் கிடந்த சில கொட்டைகள் முன்னதாகவே முளைவிட்டிருந்தன. தம்பி அரிவாளால் ஒன்றைப் பிளந்தான். உள்ளே பூரான், அதுதான் முளைவிட்ட கொட்டைக்குள் திரளுகிற பருப்பு, வெள்ளை வெளேரென்று, ஈரமாக, தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கியது. பெரியவன் முதலில் முகத்தைச் சுளித்தான். அப்புறம் நகத்தால் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டான். அந்த மெல்லிய இனிப்பு நாக்கில் பட்டதும் கண் அகன்றது பார், அதை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பாத்தி வேலை அரை மணி நேரம் நின்றது. பிளந்து கொடுத்தே தம்பிக்குக் கை ஓய்ந்தது.

மத்தியானம் நகரை மீன் குழம்பு, மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாடு. நம் முண்டு மிளகாய் வத்தல் காரத்தில் மருமகளுக்கு மூக்கு ஒழுகியது. ஆனாலும் இரண்டாவது தடவை சோறு வாங்கினாள்.

வெயில் தாழ்ந்ததும் சேதுக்கரைக் கடற்கரைக்குப் போனோம். கச்சான் என்கிற மேல்காற்று ஓய்ந்து வாடைக்காற்று திரும்புகிற சமயம். வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இனிமேல்தான் கடல் குமுறும். நம் தென்கடல் அடங்கிவிட்டது. ஆஞ்சநேயர் கோயில் முன்னால் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. கரையில் ஒதுங்கிய கடல்புல்லைக் காட்டி, கடல்பசு தின்கிற புல் இது என்றேன். மேற்கே கீழக்கரைக்கு நேரே அப்பாத் தீவு இருக்கிறது என்று சொன்னதும் சின்னவள், "யாரோட அப்பா?" என்றாள்.

கயல், எனக்கு அப்படியே தொண்டை அடைத்துக்கொண்டது. நீ ஆறாவது படிக்கும்போது ஒரு ராத்திரி இதே பெயரைச் சொன்னேன். "அது உங்க தீவாப்பா? எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டாய். பரீட்சை முடியட்டும் என்றேன். அப்புறம் எத்தனையோ பரீட்சை முடிந்தது.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இப்படி 21 தீவு. 1986-லேயே கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். நினைத்தபடி போய் இறங்க முடியாது. அந்தக் காலத்தில் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் கரை அரித்து, இரண்டு தீவு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் கரையில் நின்று கையை நீட்டிக் காட்டுவதற்கு எனக்கு யார் தடை? அதைக்கூட நான் செய்யவில்லை. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உன் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் டியூஷனிலேயே போனது. காலையில் கணக்கு, சாயங்காலம் அறிவியல். ஐப்பசி பிறந்தால் அப்பத்தா, "பிள்ளைய அனுப்பி வையி, பாத்தி போட ஒரு கை வேணும்" என்று சொல்லி அனுப்புவாள். நான்தான் அனுப்பவில்லை. தை மாதம் அவள் பஸ்ஸில் கிழங்குக் கட்டைக் கொடுத்துவிடுவாள். நீ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே நார் உரித்துத் தின்பாய். அது விளைந்த மண்ணை உனக்கு நான் காட்டியதே இல்லை. உன் நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். நீ நன்றாக வந்தாய், எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஞாயிறுகளை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்; அதற்காக வருந்துகிறேன் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன் அம்மா.

இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். பாத்தியில் கடைசி வரிசை மட்டும் மூடாமல் கிடந்தது. "இது கயல் அத்தைக்கு" என்று பெரியவனே சொல்லி, இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டான். கரையில் பொறுக்கி வந்த சிப்பியை அடையாளத்துக்கு ஊன்றியது சின்னவள்.

தை பிறந்ததும் கிழங்கு பிடுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். மாசி வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம். அதற்கு மேல் போனால் நார் முற்றிவிடும். உனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று சொல். மற்ற வரிசைகளைப் பிடுங்கினாலும் சிப்பி ஊன்றிய வரிசையை யாரும் தொட மாட்டோம்.

அன்புடன்,
அப்பா