'புல்தரையில் நடக்காதீர்' பலகையை எடுத்துவிடுங்கள்

புற்றுநோய் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். எனக்குச் சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்கேனில் நோய் இல்லை. பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து விட்டுச்சென்ற எரிச்சலும் மரப்பும் விரல் நுனிகளில் இருக்கின்றன. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பொறுமை போய்விடும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அந்தத் தேர்வில் நான் எப்போதோ தேறிவிட்டேன்.

உங்கள் வளாகங்களில் தோட்டம் இருக்கிறது. அளவாகக் கத்தரித்த செடிகள், கூடவே அந்தப் பலகை. பார்ப்பதிலும் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்களுக்கு, செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட வீரியமான வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அது ஆறிவிடும் வலி. எங்கள் வலியோ எங்களுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு வேண்டியது கை வைக்க மண். கிளறும்போது வலி போய்விடுவதில்லை. சற்று ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. விதை ஊன்ற விரலை மடக்கி நீட்டுவது, பிசியோதெரபியில் எண்ணி எண்ணிச் செய்த அதே அசைவுதான். இங்கே எண்ணத் தோன்றுவதில்லை.

குனியாமல் எட்டும்படி இடுப்பளவு உயரத்தில் பாத்திகள் அமையட்டும். கைப்பிடி தடித்த, எடை குறைந்த கருவிகள் வேண்டும். கையுறை கட்டாயம்: மரத்த விரலுக்கு முள் குத்தியதே தெரியாது, அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்குச் சிறு கீறலும் தொற்றாகிக் கை வீங்கலாம். (ரோஜாவை விட்டுவிடுங்கள், அழகுதான் என்றாலும்.) குளிரைத் தாங்கவிடாத ஆக்சாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்பவர்களைக் குளிர்ந்த நீரில் கை வைக்கச் சொல்லாதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பவர்கள் மக்கிய உரத்தின் பக்கமே போகக் கூடாது. அதில் பூஞ்சை வித்துகள் இருக்கும்.

எல்லாவற்றையும்விட, ஓர் ஆள் வேண்டும். ஒரு நல்ல நாளில் உற்சாகமாக முழுப் பாத்தியையும் கொத்திவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடந்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் "போதும், உட்காருங்கள்" என்று சொல்ல, வலியும் செடியும் தெரிந்த ஒருவர் தேவை. அமெரிக்காவின் பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம் நடத்திய 'ஹார்வெஸ்ட் ஃபார் ஹெல்த்' திட்டத்தில், நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அனுபவமுள்ள தோட்டக்காரர் ஒருவரை ஓராண்டுக்குத் துணையாக அனுப்பினார்கள். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தை அந்த ஆளின் சம்பளத்துக்கு வையுங்கள்.

புறநோயாளிகள் பிரிவின் வாசலில் நான்கு தொட்டிகளோடு தொடங்கினாலும் நாங்கள் வருகிறோம். பலகையை மட்டும் நீங்களே கழற்றிவிடுங்கள். திருகாணியைத் திருப்ப என் விரல்கள் ஒத்துழைக்காது.

இப்படிக்கு,
வலியோடு வாழும் ஒருத்தி