பைக்கைப் பிடிக்க ஆளை ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் வவுனியாவிலிருந்து சுன்னாகம் வரும் வழியில், மாங்குளம் தாண்டியதும் என்னுடைய றோயல் என்பீல்ட் 350 என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அந்த வெயிலில் அரை மணித்தியாலம் நின்றபிறகு பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று ஹயருக்குக் கிடைத்தது. ஓட்டுநரும் நானும் அவரோடு வந்த பொடியனுமாக மூச்சு வாங்க வாங்க பைக்கைத் தூக்கி ஏற்றினோம். ஒரு நைலோன் கயிற்றை ஹாண்டிலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பக்கப் பலகையில் கட்டிவிட்டு, "தம்பி, நீ பின்னால ஏறிப் பிடிச்சுக்கொள்" என்றார் ஓட்டுநர். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லாரும் இப்படித்தான் ஏற்றிப் பழகியிருக்கிறோம்.

பரந்தன் தாண்டியதும் றோட்டுக்குக் குறுக்கே மாடுகள் வந்தன. ஓட்டுநர் பிறேக் போட, கயிறு நழுவி பைக் பொடியன் பக்கமாகச் சரிந்து, அவனுடைய கால் பக்கப் பலகைக்கும் என்ஜினுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. கணுக்கால் எலும்பு வெடித்து இன்றுவரை கட்டுப் போட்டிருக்கிறான். அவன் கத்திய சத்தம் இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. நான் முன் சீற்றில் வசதியாக இருந்தேன், என்னுடைய பைக்குக்காக அவன் பின்னால் நின்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த பைக்கின் எடை ஏறக்குறைய 195 கிலோ. ஓடும் வாகனத்தில் அது ஒருமுறை சரியத் தொடங்கினால் பொடியன் இல்லை, பயில்வான் நின்றாலும் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டியது ஆள் இல்லை, பெல்ற். கிளிக் கிளிக்கென்று இறுக்குகிற ராச்செற் பெல்ற் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது, நான்கு வேண்டும். முன் சக்கரம் கபினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் நேராக முட்டி நிற்க வேண்டும். முன் பெல்ற் இரண்டையும் ஹாண்டில் பிடியில் போடாதீர்கள், அது திரும்பும், வளையும். ஹாண்டிலுக்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு போர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பில் போட்டு, இரண்டு பக்கமும் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் சமமாக இழுத்து, முன் சொக் பாதியளவு அமுங்கும்வரை இறுக்க வேண்டும். முழுவதும் அமுக்கினால் ஒயில் சீல் போய்விடும், அமுக்காமல் விட்டால் ஒவ்வொரு குழியிலும் பைக் துள்ளிக் கட்டுத் தளரும். மற்ற இரண்டையும் பின்பக்கச் சட்டத்தில் போடலாம். சைட் ஸ்ராண்டில் சாய்த்து வைத்துக் கட்டக்கூடாது, பெற்றோலை அடைக்கிற ரப் உள்ள பைக் என்றால் அதையும் மூடிவிட வேண்டும்.

ஏற்றுவதும் இறக்குவதும்தான் அடுத்த ஆபத்து. வாகனத்தின் தளம் முக்கால் மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அடிப் பலகையில் இந்த பைக்கைத் தள்ள ஏறக்குறைய 80 கிலோ பாரத்தைத் தூக்குகிற பலம் வேண்டும், 10 அடிப் பலகை என்றால் 50 கிலோவுக்கும் குறைவு. நல்ல தடிப்பான பலகையாக இருக்க வேண்டும், மேல் நுனியை வாகனத்தோடு கட்டியும் விட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் ஏறுகிற நேரம் பலகை பின்னுக்கு வழுக்கும். பலகை இல்லையா, றோட்டோரம் மேடாக இருக்கிற இடம் பார்த்து, வாகனத்தின் பின்பக்கத்தை அந்த மேட்டோடு ஒட்டி நிறுத்தினாலே பாதி உயரம் குறைந்துவிடும். இறக்கும்போது பைக் பின்பக்கமாகத்தான் வரும், பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருப்பதால் முன் பிறேக்கை நம்ப முடியாது. என்ஜினை நிறுத்திக் கியரில் போட்டு, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விட்டுத்தான் இறக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் ஊர்க் காராஜ் அண்ணை. அவர் சொன்ன பிறகு செய்து பார்த்தேன், ஒரு சொட்டுப் பயம் இல்லாமல் இறங்கியது.

ஹயருக்கு ஓடுகிற அண்ணைமாரிடம் ஒரு வேண்டுகோள். நான்கு பெல்ற்றும் ஒரு பலகையும் வாகனத்திலேயே கிடக்கட்டும், அதற்காக ஹயர் காசில் கொஞ்சம் கூடக் கேட்டாலும் நாங்கள் தருவோம். ஹயர் பிடிக்கிறவர்களும் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பெல்ற் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த வாகனத்தைப் பாருங்கள். பின்னால் ஆளை ஏற்றச் சம்மதிக்காதீர்கள், அவன் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லையென்றாலும்.

அப்புறம் இன்னொன்று. எவ்வளவு இறுக்கினாலும் முதல் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் பெல்ற் கொஞ்சம் தளரும். மாங்குளம் பக்கம் பைக்கை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி இறங்குவீர்கள்தானே, கும்பிட்டுவிட்டு வந்து நான்கு பெல்ற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

இப்படிக்கு,
சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்